இரண்டு முறை புரட்டிய கை

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் நோட்டம். வழியில் சும்மா போகாமல், எதிரே வருவது எல்லாவற்றையும் நோட்டம் விட்டுக்கொண்டே போவாள். கேலிக்குத்தான் வைத்தார்கள். அவளோ மேடையேறி வாங்கிய பட்டம் மாதிரி அதை வைத்துக்கொண்டாள். புதிதாக யார் வந்தாலும், "நான்தான் நோட்டம், இங்க படம் வரையறவ" என்று தானே சொல்லிவிடுவாள்.

விளம்பரம் செய்து தரும் சின்ன அலுவலகம் அது. ஒரு மாடி, நான்கு மேசைகள். ஒன்று முதலாளிக்கு. ஒன்று வாசகம் எழுதுகிறவருக்கு. அவர் ஒரு வரி எழுத ஒரு பொழுதை எடுத்துக்கொள்வார், பிறகு அந்த வரியைப் பத்து நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். மூன்றாவது மேசையில் கணினியில் பக்கம் அமைக்கிறவர். அவர் பெயர் மவுஸ். ஆளும் அப்படித்தான், அரவமே இருக்காது. ஜன்னலோரம் வெளிச்சம் விழுகிற இடத்தில் நான்காவது, சாய்வு மேசை. அது நோட்டத்தினுடையது.

ஊரிலேயே சிறந்த ஓவியர் யார் என்று கேட்டால் அவள் யோசிக்காமல் மருந்துக்கடைக்காரரைச் சொல்வாள். படிக்கத் தெரியாதவர்கள் மாத்திரை வாங்க வந்தால், உறையின் மேல் அவர் ஒரு முழுச் சூரியன், ஒரு பாதிச் சூரியன், ஒரு பிறை போட்டுக் கொடுப்பார். காலை, சாயங்காலம், ராத்திரி. "மூணு கிறுக்கல்ல ஒரு உயிரையே காப்பாத்திடறாரு மனுஷன். நாம முன்னூறு கோடு போட்டு ஒரு சோப்பை விக்கத் திணறுறோம்" என்பாள். பழக்கடையில் குவியலின் உச்சியில் ஒரே ஒரு பழத்தை மட்டும் அறுத்து வைத்திருப்பதைப் பார்த்துத்தான், விளம்பரப் பக்கத்தில் எதைப் பெரிதாகக் காட்ட வேண்டும் என்று தெரிந்துகொண்டாளாம். ஒரு வீட்டுக் கதவில் "மணி அடிக்காது" என்று எழுதி, கீழே கதவைத் தட்டுகிற முஷ்டி ஒன்றைப் போட்டிருந்ததைப் பார்க்க இரண்டு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கியவள் அவள்.

பள்ளியில் வகுப்புத் தோழிகளின் அறிவியல் நோட்டில் தவளை இதயம் வரைந்து கொடுத்து ஆரம்பித்த கை. பிறகு சலவை இயந்திரம், மின்விசிறி இதற்கெல்லாம் கூட வருகிற விளக்கப் புத்தகத்துக்குப் படம் போட்டாள். மூடியைத் திறக்கிற கை, பொத்தானை அமுக்குகிற விரல். கைரேகை பார்க்கிறவர்கூட அவ்வளவு கைகளைப் பார்த்திருக்க மாட்டார்.

கை வரைவதில் ஒரு சங்கடம் உண்டு. ஓவியருக்குச் செலவில்லாமல் கிடைக்கிற மாடல் அவருடைய கைதான். ஆனால் வலது கை பென்சில் பிடிக்கப் போய்விடும். மிச்சம் இருப்பது இடது கை. அதனால் நோட்டம் வரைகிற கைகள் எல்லாம் முதலில் இடது கைகளாகத்தான் பிறக்கும். படத்தைக் கணினியில் ஏற்றும்போது மவுஸ், கண்ணாடியில் தெரிவது போல அதை இடம் வலமாகப் புரட்டிவிடுவார். வலது கையாகிவிடும். பதினோரு வருஷமாக இதுதான் வழக்கம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுகூட இல்லை.

அந்த மாதம் அவள் மேசைக்கே ஆபத்து வந்தது. இணையத்தில் படங்களை லட்சக்கணக்கில் அடுக்கி வைத்து விற்கிறார்களே, அதில் முதலாளியின் கண் விழுந்துவிட்டது.

"கோவிச்சுக்காதம்மா நோட்டம். நீ ஒரு கை வரைய ரெண்டு நாள் ஆகுது. அங்க ரெண்டு நிமிஷத்துல ஆயிரம் கை வருது."

"ஆயிரம் கை வரும் சார். நமக்கு வேண்டிய கை வராது."

"அதையும் பார்த்துடுவோம். இந்தக் கத்திரி போஸ்டரை நீயே வரை. எடுபட்டுச்சுன்னா உன் மேசையை யாரும் தொட மாட்டாங்க. இல்லேன்னா அடுத்த மாசத்துலேருந்து நீயும் மவுஸ்கூட உக்காந்து பக்கம் அமைக்கலாம்."

பக்கம் அமைப்பது ஒன்றும் மட்டமான வேலை இல்லை. ஆனால் ஒரு கோடுகூடப் போடாத நாள் அவளுக்குச் சாப்பிடாத நாள் மாதிரி. அந்தப் பசியோடு மாதம் முழுக்க எப்படி இருப்பது? பயம் இருந்தது. அதைவிட, காட்டுகிறேன் பார் என்கிற வீம்பு இரண்டு பங்கு இருந்தது.

கத்திரித் தொழிற்சாலைக்காரர் முப்பது வருஷமாகத் தையற்காரர்களுக்கான கத்திரிக்கோல் செய்கிறவர். அவரிடமிருந்து ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய், கையில் கிடைத்ததையெல்லாம் வெட்டிப் பார்த்தாள் நோட்டம். மகளின் பழைய நோட்டு, கிழிந்த தலையணை உறை, கணவருடைய பேண்டின் பிசிறு. கணவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவர். "இனிமே வெட்டறதுக்கு வீட்டுல நான் ஒருத்தன்தான் பாக்கி" என்றார்.

படம் பிரமாதமாக வந்தது. இந்த முறை கத்திரியின் வளையத்துக்குள் விரல்கள் கச்சிதமாக உட்கார வேண்டும். அதனால் அவள் மவுஸுக்காகக் காத்திருக்கவில்லை. தன் இடது கையை, மறுபுறமும் கோடு தெரிகிற டிரேசிங் தாளில் வரைந்தாள், தாளைத் திருப்பிப் போட்டு வலது கையாக்கினாள், அதற்குப் பிறகுதான் கத்திரியை அந்தக் கையில் பொருத்தி வரைந்தாள். முடித்துக் கொண்டுபோய் மவுஸின் மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். மவுஸ் சாப்பிட்டுவிட்டு வந்து, பதினோரு வருஷப் பழக்கப்படி அதைப் புரட்டிவிட்டார்.

அச்சுக்குப் போகுமுன் நான்கு பேர் பார்த்தார்கள். முதலாளி நிறத்தைப் பார்த்தார். வாசகம் எழுதுகிறவர் 'கை சொன்னபடி கேட்கும்' என்ற தன் வாசகத்தை மட்டும் பார்த்தார், நான்கு தடவை. தொழிற்சாலைக்காரர், "எங்க பேரை இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்க" என்றார். நோட்டமோ பார்த்துப் பார்த்துச் சலித்த படம் என்று மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். போஸ்டர்கள் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

மறுநாள் சாயங்காலம் தொழிற்சாலைக்காரரிடமிருந்து போன். எதிர்முனையில் அவர் கத்தியது மாடி முழுக்கக் கேட்டது. "கடைக்காரன் கேக்கறான், உங்க கத்திரியை பீச்சாங்கையாலதான் பிடிக்கணுமான்னு! என் மானம் போகுது சார்!"

அலுவலகத்தின் நான்கு பேரும் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரின் முன்னால் போய் நின்றார்கள். ஆளாளுக்குக் கையைத் தூக்கி, இல்லாத கத்திரியால் காற்றை வெட்டிப் பார்த்தார்கள். முதலாளிக்கு முதலில் தன் வலது எது என்பதிலேயே சந்தேகம் வந்துவிட்டது.

மவுஸ் மெதுவாகக் கேட்டார். "நீ புரட்டிட்டியாம்மா?"

"நீங்களும் புரட்டினீங்களாண்ணே?"

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். "நாளைக்குப் பதினோரு மணிக்கு அவர் வர்றாரு. யார் பேர்ல தப்புன்னு எனக்குத் தெரியணும். உன் மேசை விஷயமும் நாளைக்கே முடிவாயிடும்."

வீட்டில் கதையைக் கேட்ட கணவர் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். "ஒரு பெட்டிக்கு ரெண்டு மெக்கானிக் வந்தா இதான் ஆகும். ஒருத்தன் சரி பண்ணினதை இன்னொருத்தன் வந்து சரி பண்ணுவான். பேசாம பழியை மவுஸ் பேர்ல போட்டுட்டு வா."

"அவர் தினமும் செய்யற வேலையைத்தான் செஞ்சாரு. சொல்லாம விட்டது நான்தானே?"

"அப்ப மேசை?"

"போறதா இருந்தா நிமிர்ந்தே போகட்டும்" என்றாள். சொல்லிவிட்டு, மகளின் பாட நோட்டைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

காலையில் நேரே அலுவலகம் போகவில்லை. தப்பைச் செய்தவள் அது தொங்குகிற இடத்தில் போய்ப் பார்க்க வேண்டாமா? ஒன்பது மணிக்கே முதல் தையற்கடையில் இருந்தாள். ஆறு தையல் இயந்திரங்கள், ஒரு நீளமான வெட்டு மேசை, சுவரில் அவளுடைய போஸ்டர். வெட்டு மேசைக்குப் பின்னால் நின்ற தையல்கார அம்மாள், இவள் போஸ்டரையே பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க அந்தக் கம்பெனி ஆளா? இந்தக் கத்திரி எங்கம்மா கிடைக்கும்?"

"நீங்க கையில வெச்சிருக்கறதே அவங்க கத்திரிதானேக்கா."

"இது இல்ல, படத்துல இருக்கறது. மேல் அலகு இடது பக்கமா இருக்கு பாரு. அது என்னை மாதிரி இடது கைக்காரங்களுக்குன்னு செஞ்சது."

நோட்டம் திரும்பிப் போஸ்டரைப் பார்த்தாள். ஆமாம். மவுஸ் கையை மட்டுமா புரட்டினார்? கத்திரியும் சேர்ந்தே புரண்டிருக்கிறது. தொழிற்சாலை செய்யவே செய்யாத ஒரு கத்திரியை, ஒரு திருகாணி பிசகாமல், அவர்கள் இருவரும் தெரியாமல் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஊரையே நோட்டம் விட்டவள் தன் படத்தை நோட்டம் விடவில்லையே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு கூடவே உற்சாகமும் கிளம்பிவிட்டது.

"நீங்க எப்படிக்கா வெட்டறீங்க? ஒரு தடவை காட்டுங்களேன்."

அந்த அம்மாள் துணியை விரித்து இடது கையால் வெட்டிக் காட்டினார். மேல் அலகு சாக்குக்கட்டிக் கோட்டை மறைத்தது. கோட்டைப் பார்ப்பதற்காக அவர் கழுத்தை ஒரு பக்கம் வளைத்து, மணிக்கட்டை வெளியே முறுக்கிக்கொண்டார். கட்டை விரலில் காய்ப்பு. பத்தொன்பது வருஷமாக இப்படித்தானாம். நோட்டம் பையிலிருந்து நோட்டை எடுத்து அந்தக் கையை வரைந்தாள். அவள் தன் கையைப் பார்க்காமல் வரைந்த முதல் இடது கை அது.

அங்கிருந்து இன்னும் நான்கு கடைகள் ஏறி இறங்கினாள். ஒரு கடையில் துணி வெட்டுகிறவர் அதே கேள்வியைக் கேட்டிருந்தார். இன்னொரு கடையில் ஒரு தாய் தன் மகளுக்காக வந்து கேட்டுப் போயிருந்தாள்.

பதினோரு மணிக்குத் தொழிற்சாலைக்காரர் உள்ளே வந்தபோது போஸ்டர் அவர் கையில் சுருட்டி இருந்தது, அடிக்க எடுத்து வந்தது போல. முதலாளி வாயைத் திறக்குமுன் நோட்டம் எழுந்தாள்.

"சார், தப்பு நடந்தது நிஜம். நான் ஒரு தடவை புரட்டினேன், சொல்லாம விட்டுட்டேன். அது தெரியாம மவுஸ் அண்ணன் இன்னொரு தடவை புரட்டிட்டாரு. என் பொறுப்பு. திட்டறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு செய்யுங்க." அவருடைய கத்திரியையும் ஒரு தாளையும் நீட்டினாள். "இடது கையால இதை வெட்டுங்க."

முறைத்தார். ஆனாலும் வாங்கினார். தன் சரக்கு மேல் அவ்வளவு நம்பிக்கை. தாள் வெட்டுப்படாமல் இரண்டு அலகுக்கும் நடுவில் மடங்கி மாட்டிக்கொண்டது. மறுபடி முயன்றார். மறுபடி மடங்கியது. மூன்றாவது தடவை தாள் கிழிந்தது. முப்பது வருஷம் கத்திரி செய்த மனிதர், தன் கத்திரியை அன்றுதான் முதல் தடவை பார்ப்பவர்போல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காலையில அஞ்சு கடைக்குப் போனேன் சார். மூணு கடையில இந்தப் படத்துல இருக்கற கத்திரியைக் கேட்டிருக்காங்க."

"மூணு பேருக்காக நான் அலகைத் திருப்பி அடிக்கணுமா?"

"அஞ்சு கடையில மூணு பேர். உங்க கத்திரி எத்தனை கடைக்குப் போகுதுன்னு எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்."

அவர் கத்திரியைக் கீழே வைத்தார். பிறகு சுருட்டிய போஸ்டரை மேசையில் விரித்து உள்ளங்கையால் நீவினார். "ஒண்ணே ஒண்ணு செஞ்சு பார்க்கறேன். சரியா வரலேன்னா எல்லாத்தையும் கிழிச்சுட்டுப் புதுசா அடிச்சுத் தரணும்."

"அதுவரைக்கும் மேசையும் இருக்கட்டும்" என்றார் முதலாளி, யாரையும் பார்க்காமல்.

இருபத்திரண்டு நாள் கழித்து அவர் ஒரு துணிப் பொட்டலத்தோடு வந்தார். "அந்தம்மா கடைக்குப் போவோம்" என்றார். முதலாளியும் கூடவே கிளம்பினார்.

தையல்கார அம்மாள் கத்திரியை வாங்கி இடது கையில் மாட்டினார். பழக்கத்தில் கழுத்து ஒரு பக்கம் வளைந்தது. வெட்ட ஆரம்பித்தவர் நிறுத்தினார். கழுத்தை நிமிர்த்தினார். ரவிக்கையின் கைக்குழி வளைவை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே ஓட்டமாக வெட்டினார். வெட்டிய துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கோடு தெரியுது" என்றார். பிறகு தன் இடது கையைப் பார்த்தார். "இத்தனை வருஷமா என் கைதான் கோணல்னு நெனச்சுட்டு இருந்தேன்."

ஆறு தையல் இயந்திரங்களும் நின்றுவிட்டன. தொழிற்சாலைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நோட்டத்துக்குக் கண் கலங்கியது. ஆனால் கலங்கிய கண்ணோடு வரைய முடியாது என்பதால் அதை உடனே துடைத்துக்கொண்டாள்.

முதலாளி அவள் பக்கமாகக் குனிந்து தணிந்த குரலில் சொன்னார்: "இந்தக் கையை எந்தக் கடையிலயும் வாங்க முடியாதும்மா. உன் மேசை அங்கேயே இருக்கட்டும். பென்சில் ஏதாவது கொண்டு வந்திருக்கியா?"

அவள் ஏற்கெனவே பாதி வரைந்துவிட்டிருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்றாள் தலை நிமிராமல். "வெளிச்சத்தை மறைக்கறீங்க."