கிராணி சேதுபதி கேட்ட கேள்வி

கிராணி என்றால் குமாஸ்தா. ஆஸ்பத்திரி கிராணி சேதுபதிக்குச் சம்பளம் பதிவு வேலைக்குத்தான். ஆனால் தமிழ் நோயாளி வந்தால், வெள்ளைக்கார டாக்டர் பேசுவதைத் தமிழில் சொல்வதும் அவர் தலையில்தான் விழும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் நான் அங்கே நர்ஸ். மனுஷர் நல்லவர். தேக்கா மார்க்கெட்டில் மீன்காரரோடு பேரம் பேச நின்றால் நாக்கு ஓயாது. வார்டில் மட்டும் பேச்சில் அப்படி ஒரு சிக்கனம். சைக்கோசிஸ், சைக்கோநியூரோசிஸ், சைக்கோசொமாட்டிக் என்று டாக்டர் எதைச் சொன்னாலும், 'சைக்கோ' காதில் விழுந்ததுமே மீதியைக் கேட்க மாட்டார். புத்தி சரியில்லை என்று முடித்துவிடுவார். குடும்பங்கள் தலையில் அடித்துக்கொண்டு போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் துறைமுகத் தொழிலாளி முத்துசாமி தன் மனைவி கமலாவைக் கூட்டி வந்தார். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த ஒரே மகள் காய்ச்சலில் போய்விட்டாள். அன்றிலிருந்து கமலாவுக்குக் குரலே எழவில்லை. போன பிள்ளையின் பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது என்று சிராங்கூன் ரோட்டு உறவுக்காரர்கள் சொல்லிவைத்திருந்தார்கள். முத்துசாமியும் எடுக்கவில்லை. இவளுக்குப் புத்தி கெட்டுவிட்டதென்றால் அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பிவிடுவது என்றும் அவர்களே முடிவு செய்திருந்தார்கள்.

டாக்டர் சோதித்துப் பார்த்தார். தொண்டையில் கோளாறு இல்லை, 'சைக்கோஜெனிக்' என்றார். சேதுபதி வாயைத் திறக்கப் போனார். கமலா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு மனுஷர் மடங்கிப்போனார் போலும். முதல் தடவையாக டாக்டரிடம் திரும்பி, அப்படியென்றால் என்ன என்று கேட்டார். டாக்டர் பொறுமையாக விளக்கினார்.

“பைத்தியமாண்ணே?” என்றார் முத்துசாமி.

“இல்ல தம்பி. துக்கம் உள்ளேயே நின்னுபோச்சு. அதான் குரல் வரல” என்றார் சேதுபதி.

“துக்கம் எனக்கும்தான். நான் பேசலையா?”

“புள்ளையப் பத்திப் பேசினீங்களா?”

முத்துசாமி நாற்காலியை விட்டு இறங்கி, கமலாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். “செண்பகம்” என்றார். திரும்பவும் “செண்பகம்” என்றார். அதற்குமேல் அவருக்கே குரல் வரவில்லை. கமலா அவர் தலையைப் பிடித்து மடியில் சாய்த்துக்கொண்டாள். முதலில் ஒரு முனகல்தான் கேட்டது. பிறகு வார்டு முழுக்கக் கேட்கும்படி அழுதாள். நர்ஸ் அழக்கூடாது, நானும் அழுதேன்.

முத்துசாமி என்ன சொன்னார் என்று டாக்டர் கேட்டார்.

மகளின் பெயரைச் சொன்னார் என்றார் சேதுபதி.