மஞ்சள் துணியில் முடிந்த காசு

அந்தக் காசு செல்லாத காசுதான். கடையில் கொடுத்தால் ஒரு பொரி உருண்டைகூட வராது. அதற்கா இத்தனை வருஷமாகக் கோபம் என்று என் தம்பி கேட்கிறான். அவன் கேட்பான். அவன் உயிருக்காக முடிந்த காசு அது. அப்போது அவனுக்கு மூன்று வயது. எனக்கு ஒன்பது.

நான் அஞ்சாவது வரை படித்தவள். சுற்றி வளைத்து எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் புத்தூருக்குப் பக்கத்தில். நைனாவுக்கு ஒன்றரை ஏக்கர் வேர்க்கடலை. ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்து போயிருந்தது. எங்கள் ஊர் எந்தப் பக்கம் என்று இன்னும் கோடு போடவில்லை. வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு என்று நாங்கள் பாட்டுக்கு இருந்தோம். கோடு போட வேண்டியவர்கள்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆடி மாதம் தம்பிக்குக் காய்ச்சல். பதினைந்து நாள் கண் திறக்கவில்லை. வைத்தியர் கையை விரித்துவிட்டார். அம்மா ஒரு துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்தாள்.

எங்கள் பக்கத்தில் திருப்பதிக்கு வேண்டிக்கொண்டால் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைப்பார்கள். முடிந்த நிமிஷத்திலிருந்து அது நம் காசு இல்லை. பெருமாள் காசு. நம் வீட்டில் குடியிருக்கிறது, அவ்வளவுதான். பட்டினி கிடந்தாலும் அவிழ்க்கக் கூடாது. அதே முடிச்சோடு, அதே காசு, மலைமேல் உண்டியலில் விழ வேண்டும். மாற்றுக் காசு கிடையாது. இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அன்றைக்கு வீட்டில் காலணா இல்லை. இருந்தது ஒரு பழைய செப்புக் காசு. நைனா ஏர் ஓட்டும்போது மண்ணில் கிடைத்தது. ஒரு பக்கம் ரெண்டு சிங்கம் நிற்கும். மறுபக்கம் புழு நெளிகிற மாதிரி எழுத்து. அதன் கீழே ஒரு பெருக்கல் குறி, நாலு இங்கிலீஷ் எழுத்து.

"இது செல்லாதுடி," என்றார் நைனா.

"நமக்குத்தான் செல்லாது. அவருக்கு இன்னா?" என்றாள் அம்மா. முடிந்தாள்.

மூன்றாம் நாள் தம்பி கஞ்சி கேட்டான். புரட்டாசி சனிக்கிழமை மலைக்குப் போய் மொட்டை போட்டு, காசைப் போட்டுவிட்டு வருவதென்று முடிவானது.

அதற்கு முந்தின வாரம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. புத்தூர் ரயிலடி பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தார். கடையில் சைக்கிளைவிடப் பேப்பர்தான் அதிகம். எல்லைக் கூட்டம் எங்கே நடந்தாலும் முதல் வரிசையில் இருப்பார். அப்படி ஒரு கூட்டத்தில் யாரோ பேசினார்களாம். வெள்ளைக்காரன் பணத்தை கேஷ் என்கிறான். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது? நம் காசிலிருந்து. நம்மிடம் வியாபாரத்துக்கு வந்தவன் நம் வார்த்தையையும் எடுத்துக்கொண்டு போனான். மாமாவுக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லையாம். ஏனென்றால் அக்கா வீட்டுச் செப்புக் காசில் இருக்கிற அந்த நாலு எழுத்து அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

அம்மா கடலைக் கொல்லையில் இருந்தாள். மாமா என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, குளிச்சியா?"

"குளிச்சேன் மாமா."

"நான் குளிக்கல. சாமி படத்தை நான் தொடக் கூடாது. அந்த முடிச்சை நீ எடுத்துக்கினு வா."

"அம்மா அடிக்கும்."

"அவிழ்க்கப் போறது நானு. உன்னை இன்னாத்துக்கு அடிக்கும்? சித்தூர்ல ஒரு வக்கீல்கிட்ட காட்டிட்டு சாயங்காலம் வச்சிடலாம். நம்ம ஊரு நம்ம பக்கம் வர்றதுக்கு இந்தக் காசுதான் சாட்சி. உன்னையும் இட்டுனு போறேன். வடை துன்னலாம்."

நான் எடுத்தேன். என் கையால்தான் எடுத்தேன். குளிக்காதவர் எவ்வளவு நேக்காகத் தப்பித்துக்கொண்டார் என்று அப்போது தெரியவில்லை. அம்மாவிடம் எனக்குப் பாவாடைத் துணி வாங்கப் போவதாகச் சொன்னார். முடிச்சு என் மடியில் இருந்தது. கார்வேட்டிநகரம் வழியாக சித்தூர் போய்ச் சேருகிற வரைக்கும் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வக்கீல் வீட்டில் முன்பக்க அறை முழுக்கப் புத்தகம். தமிழ்க் கட்சிக்காக ஊர் ஊராக அத்தாட்சி சேர்த்துக்கொண்டிருந்தார். பழைய பத்திரம், கல்வெட்டு நகல் என்று மேசையில் குவிந்திருந்தது. மாமா என் கையிலிருந்து முடிச்சை வாங்கினார். அவிழ்க்க வரவில்லை. பல்லால் இழுத்தார். பெருமாள் காசை எச்சில் பண்ணி அவிழ்த்தார்.

வக்கீல் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "கேஷ்!" என்று கத்தினார். "கம்பெனிக்காரன் அடிச்ச காசு. பத்து கேஷ்னு போட்டிருக்கான் பாரு!"

மாமா பூரித்துப் போனார். பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா தெலுங்குக்காரர். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"காசு மீதேனா ஏமி? மா அம்ம மெள்ளோ காசுலபேரு உந்தி," என்றார்.

காசு உங்களுடையது மட்டுமா, எங்கள் அம்மா கழுத்தில் காசுமாலை தொங்குகிறதே என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கே அப்படித்தான் பட்டது. சந்தையில் தெலுங்குக்காரர்களும் காசு என்றுதான் சொல்வார்கள்.

"நீ எழுதுய்யா," என்றார் வக்கீல்.

"எழுதறேன் சார். அந்தக் காசுல தமிழ் எங்க இருக்குது? உருது மாதிரி இருக்குது. துருக்கிக்கு எழுதிக் குடுத்துடலாமா ஊரை?"

மாமாவுக்கு முகம் சிவந்தது. வக்கீல் தலையணை அளவு புத்தகம் ஒன்றை இழுத்துப் பிரித்தார். இங்கிலீஷ் அகராதி. விரல் வைத்துப் படித்தார். குமாஸ்தாவும் எழுந்து வந்து தோளுக்கு மேல் எட்டிப் படித்தார். அவர்தான் சிரித்தார்.

"ரெண்டு கேஷ் போட்டிருக்குது சார். மொதல்ல இருக்கறது கையில இருக்கற பணம். அது பிரெஞ்சுக்காரன் வார்த்தை. பணப்பெட்டின்னு அர்த்தமாம். கீழ இருக்கறது சில்லறைக் காசு. அதுதான் தமிழ்ல இருந்து போர்ச்சுகீசுக்காரன் வழியா போச்சாம்."

"நமக்குக் கீழ இருக்கறது போதும்," என்றார் வக்கீல். மேலே இருந்ததைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு கீழே இருந்ததைக் காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

"பிரெஞ்சுக்காரன் பெட்டி குடுத்தான், நாம காசு போட்டோம்," என்றார் மாமா. மூன்று பேரும் சிரித்தார்கள். காபி வந்தது.

கேஷ் யாருடைய வார்த்தை என்று மூன்று ஆம்பிளைகள் ஒரு மணி நேரம் பேசினார்கள். காசு யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் மேசைக்குப் பக்கத்தில் போய்க் கையை நீட்டினேன். வக்கீல் காசை ஒரு காகித உறைக்குள் போட்டு நாக்கால் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அது பெருமாளுது. குடுங்க," என்றேன்.

"இது மெட்ராஸுக்குப் போகணும்மா. பெரியவங்க பார்க்கணும்."

"எங்க தம்பிக்கு அம்மா முடிஞ்சது."

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா சுவரைப் பார்த்தார். வக்கீல் சட்டைப்பையில் கைவிட்டு ஒரு நாலணாவை எடுத்து என் கையில் வைத்தார். "இந்தா. உங்கம்மா முடிஞ்சது செல்லாத காசு. இது செல்லும். சாமிக்கு லாபம்தானே?"

படித்தவர். அத்தனை புத்தகம் வைத்திருந்தவர். அவர் சொன்னதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றி எரிகிறது. எதிர்க் கட்சிக்காரர் எடுத்திருந்தால்கூட ஆறியிருக்கும். எங்களுக்காகப் பேசுகிறேன் என்றவர்தான் எடுத்தார். குமாஸ்தா மட்டும் என்னைப் பார்த்து, "பாப்பாக்கு திருப்பிக் குடுத்துடுங்க சார்," என்றார். யாரும் கேட்கவில்லை.

பஸ் நிலையத்தில் மாமா என்னிடமிருந்து நாலணாவை வாங்கினார். ரெண்டணாவுக்கு வடை வாங்கினார். எனக்கு மூன்று, அவருக்கு மூன்று. நான் அழுதுகொண்டே தின்றேன். தின்றேன் என்பதை மறைக்கவில்லை. பசி.

மீதி ஒரு ரெண்டணாவாக வந்தது. அந்தக் காலத்து ரெண்டணா சதுரமாக இருக்கும். மாமா அதை மஞ்சள் துணியில் வைத்து முடிந்தார்.

"மூலை மூலையா இருக்குது மாமா."

"முடிச்சுக்குள்ள யாரு பார்க்கப் போறாங்க? வாயைத் திறந்தே, தம்பிக்குத்தான் ஆவாது. பாத்துக்கோ."

அந்த ஒரு பேச்சு போதுமாயிருந்தது. படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பாவாடைத் துணி எங்கே என்று அம்மா கேட்டாள். கடை மூடியிருந்தது என்றார் மாமா. அந்த வாரம் முழுக்க ராத்திரி ராத்திரி தம்பி நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சுடுகிறதா, சுடவில்லையா. என் கையே சுட்டது.

சனிக்கிழமை மலையேறினோம். தம்பிக்கு மொட்டை போட்டார்கள். அலறினான். உண்டியல் பெரிய கூடாரம் மாதிரி வெள்ளைத் துணிக்குள் இருந்தது. பின்னால் கூட்டம் நெருக்கியது. அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு முடிச்சை அவன் கையில் கொடுக்கப் போனாள். அப்போது அவள் கட்டைவிரல் துணிமேல் நகர்ந்தது. நின்றது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. மறுபடி நின்றது. நாலு முறை.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா கோவிந்தா போட்டுக்கொண்டிருந்தார்.

"போடு கண்ணு," என்று தம்பி கையைப் பிடித்து அம்மா போட வைத்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கொஞ்சம் பலமாகவே போட்டுக்கொண்டாள். கூட்டத்தில் யார் கவனித்தார்கள்? தப்பித்தோம் என்று நான் மூச்சு விட்டேன். அம்மா ஏமாந்துவிட்டாள் என்று எனக்கு அத்தனை சந்தோஷம்.

பிறகு கோடு போட்டார்கள். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது. நாங்கள் ஆந்திரா பக்கமே நின்றோம். வக்கீல் மெட்ராஸுக்கே குடிபோய்விட்டார் என்று கேள்வி. காசு எந்த உறையில் கிடக்கிறதோ. தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. பேரன் பேத்தி எடுத்துவிட்டான்.

அந்தப் புரட்டாசிக்குப் பிறகு அம்மா சனிக்கிழமைகளில் சாப்பிட்டதில்லை. சாகிற வரைக்கும். கடலை பிடுங்குகிற நாளிலும் வெறும் தண்ணீர்தான். மாமா சனிக்கிழமைதோறும் கடையைப் பூட்டிவிட்டு வருவார். அம்மா அவருக்கு இலை போட்டுப் பரிமாறுவாள். ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

"நீ துன்னலியா அக்கா?" என்பார்.

"இன்னைக்கு சனிக்கிழமைடா," என்பாள்.

மாமா இன்னொரு கரண்டி சோறு கேட்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தின்றுகொண்டிருப்பேன். சனிக்கிழமையானால் அம்மாவுக்குப் பசிக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.