இரண்டு மூடிகள்

ஈரோட்டில் விசைத்தறி ஓட்டும் ஒருவருக்கு எங்கள் மருத்துவமனையில் நோயுற்ற குடல் பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதில் புண்ணான இடத்திலிருந்து ஒரு துணுக்கும் நல்ல இடத்திலிருந்து ஒரு துணுக்கும் அவர் சம்மதத்தோடு என் ஆய்வகத்துக்கு வந்தன. புண் ஆறும்போது தழும்பை உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை அவற்றிலிருந்து பிரித்து, இரண்டு குடுவைகளில் வளர்த்தேன். நோய் அந்தச் செல்களை எப்படி மாற்றுகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நோக்கம்.

மருத்துவரிடம் பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் அவர் ஆய்வகக் கதவருகே நின்று, "ஏனுங்க மேடம், என்ற குடலு சோறு திங்குதுங்களா?" என்பார்.

"உங்களைவிட நல்லாத் திங்குதுங்க" என்பேன்.

உணவுத் திரவம் மாற்றும்போது ஒரு குடுவையை மூடிய பிறகே அடுத்ததைத் திறப்பேன். போன வியாழக்கிழமை அவசரத்தில் இரண்டையும் சேர்த்துத் திறந்துவிட்டேன். அடையாளத்தை மூடிகளில் மட்டுமே எழுதியிருந்தேன். எந்த மூடி எந்தக் குடுவைக்கு என்று தெரியவில்லை. நுண்ணோக்கியிலும் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. உறையவைத்துச் சேமிக்கும் அளவுக்கு அவை இன்னும் பெருகியிருக்கவில்லை; அதனால் மாற்றுக்கு எடுத்துவைத்ததும் இல்லை. ஊகித்து மூடியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு இரண்டையும் அழித்தேன்.

இன்று அவர் வந்து அதே கேள்வியைக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன்.

சட்டைக்கு மேலே வயிற்றைத் தடவிக்கொண்டார். "மறுக்கா வெட்டித் தாரேன்னும் சொல்ல முடியாதுங்களே" என்றார். பிறகு, மருந்துக்கடை எந்தப் பக்கம் என்று கேட்டார். அறுவை சிகிச்சைக்கு முன்பிருந்தே அவர் போய்வரும் கடை அது. நான் கை காட்டினேன்.