பதக்கம் குத்திய பாட்டனார்

எங்கள் குடும்பத்தில் பெரிய மனிதர் என்று சொல்லிக்கொள்ள ஒருவர்தான் இருந்தார். அவரும் சுவரில் இருந்தார். ஜரிகைக் கரை போட்ட தலைப்பாகை, கழுத்து வரை பொத்தான் மாட்டிய நீளக் கோட்டு, மார்பில் ஒரு பதக்கம், நாற்காலி முதுகில் ஊன்றிய ஒரு கை. பழங்கால ஸ்டுடியோ போட்டோ. கறுப்பெல்லாம் வெளுத்துக் காப்பி நிறத்துக்கு வந்திருந்தது.

தாத்தா இறந்தபோது அவருடைய தகரப் பெட்டியில் அது கிடைத்ததாம். வேட்டியில் சுற்றி அடியில் வைத்திருந்தாராம். இத்தனை பத்திரமாக ஒருவர் வைத்திருந்தால் அது அவரைப் பெற்றவர் படமாகத்தான் இருக்கவேண்டும் என்று அப்பா முடிவுசெய்து, தேன்கனிக்கோட்டையில் கண்ணாடிச் சட்டம் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இல்லை என்று சொல்ல யாரும் உயிரோடு இல்லை.

"நமக்கு ஏதுப்பா இந்தக் கோட்டு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அப்பல்லாம் ஸ்டுடியோக்காரங்களே கோட்டு, தலப்பா எல்லாம் மாட்டிவிட்டுத்தான்டா படம் புடிப்பாங்க."

பதக்கமுமா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

யுகாதிக்கு மறுநாள் அவருக்குப் படைப்போம். களி, கருவாட்டுக் குழம்பு, ஒரு கட்டு பீடி. பீடியில் ஒன்றைப் பற்றவைத்து ஊதுவத்திக்குப் பக்கத்தில் அப்பா செருகி வைப்பார். அது அணையாமல் எரிந்தால் பாட்டனாருக்குத் திருப்தி.

நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது பள்ளியில் பெங்களூருக்கு அழைத்துப் போனார்கள். எங்கள் வீட்டில் ஏழாம் வகுப்பைக் கண்ட முதல் ஆள் நான்தான். அங்கே ஒரு பழைய கட்டடத்தில் வரிசையாகப் படங்கள் மாட்டியிருந்தார்கள். ஒரு திருப்பத்தில் ஆள் உயரத்துக்கு எங்கள் பாட்டனார் நின்றார். அதே கோட்டு, அதே பதக்கம், அதே நாற்காலி.

"டேய், எங்க வீட்டுத் தாத்தாடா!" என்று கத்திவிட்டேன்.

டீச்சர் வந்து கீழே எழுதியிருந்ததைப் படித்தார். "இவரு ராஜா காலத்துல இந்த சமஸ்தானத்துல திவானா இருந்தவரு. இப்ப முதலமைச்சர் இருக்காருல்ல, அந்த மாதிரி. உங்க வீட்டுக்கு எப்படா வந்தாரு?"

பஸ் ஓசூர் வந்து சேரும்வரை பையன்கள் என்னை 'திவான் பேராண்டி' என்றே கூப்பிட்டார்கள். அது கூடப் பரவாயில்லை. நான் பயந்தது வேறொன்றை நினைத்து. அந்த மனிதரைப் பார்த்தால் கருவாட்டை மூக்கால்கூட அறியாதவர்போல இருந்தது. அவருக்குப் போய் வருஷாவருஷம் பீடி பற்றவைத்துக் கொடுத்திருக்கிறோம். அப்படியென்றால் எங்கள் நிஜப் பாட்டனார் இத்தனை வருஷமாகப் பட்டினியா?

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சொன்னேன். அவள் ரோஜாப் பண்ணையில் பூக்கட்டு போடும் வேலையில் இருந்தாள். அந்தப் பூவை வேனில் ஏற்றிப் போகிறவருடைய வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தது. அக்காவுக்கு அவரைப் பிடிக்கும் என்பது எனக்கும் தெரியும்.

கேட்டவுடன் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"வாயத் தொறந்த, கொன்னுடுவேன். அவங்கப்பா அத்திப்பள்ளிப் பக்கம் கன்னட வாத்தியாரா இருந்தவருடா. படத்தப் பாத்த ஒடனே கண்டுபுடிச்சிருவாரு. யாரோ ஒருத்தர் படத்துக்கு மாலை போட்டு எங்க பாட்டன்னு சொல்ற வீட்டுல யாருடா பொண்ணு எடுப்பாங்க?"

ஞாயிறு காலையில் இரண்டு பேருமாகப் படத்தைக் கழற்றி கேழ்வரகு மூட்டைக்குப் பின்னால் வைத்தோம். அவர்கள் வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் அப்பா வெறும் ஆணியைப் பார்த்துவிட்டார்.

"சம்பந்தம் பேசற அன்னிக்குப் பெரியவரு இல்லாமயா? எவன்டா எடுத்தது?"

தேடி எடுத்து, துண்டால் துடைத்து, சாமந்தி மாலை போட்டு நடுக்கூடத்தில் மாட்டினார். வாசலில் வேன் வந்து நின்றது.

வாத்தியார் உட்கார்ந்ததும் அண்ணாந்து பார்த்தார். பிறகு எழுந்து கிட்டே போனார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். அடுக்களையில் டம்ளர் சத்தம் நின்றது. மாப்பிள்ளையும் படத்தை ஒரு தடவை பார்த்தார். உடனே குனிந்து தன் கால் நகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"இவரு யாரு?"

"எங்க தாத்தாங்க" என்றார் அப்பா.

"ஹௌதா?" என்றார் வாத்தியார் கன்னடத்தில். பிறகு தமிழில், "அப்படியா? என்ன வேலை பாத்தாரு?"

"கெணறு வெட்டறவருங்க. பெங்களூருல ஏதோ பங்களாவுல வெட்டறப்ப மண்ணு சரிஞ்சு உள்ளயே போயிட்டாரு. ஒடம்பு கூடக் கெடைக்கல. எங்கப்பா அப்ப கைக்கொழந்த. பெத்தவரு மொகம் அவருக்கே தெரியாது. இந்தப் படம் ஒண்ணுதான் மிஞ்சிச்சு."

இதை அப்பா எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சுவரில் திவான் எப்போதும்போல நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வாத்தியார் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி அப்பாவைப் பார்த்தார். இதோ சொல்லப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், அவர் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே கூப்பி நின்றிருந்தார்.

"ஊருக்குத் தண்ணி குடுத்தவரு. பத்திரிகை அடிச்சா மொதல் பத்திரிகை இவரு முன்னால வெக்கணும், சம்பந்தி" என்றார்.

நான் அடுக்களைக்கு ஓடினேன். "அக்கா, தப்பிச்சோம்! அவருக்கு ஒண்ணுமே தெரியல!"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். "அவருக்குத் தெரியும்டா" என்றாள்.

"தெரிஞ்சா எதுக்குக் கும்பிடறாரு?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கதவோரம் நின்று வாத்தியாரையே பார்த்தேன். அவ்வளவு படித்தவர், அது யார் படம் என்று தெரிந்தும் பதிலைத் தப்பாக எழுதுகிறாரே! ஒரு பரீட்சை வைத்தால் இவர் தேறமாட்டார் என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது.