மான்சொப்பின் பாதி ஆட்டங்கள்

தென்கொரியாவின் மொக்போ துறைமுகத்துப் பக்கம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற பியோ மான்சொப்புக்கு ஒரு விஷயத்தில் தலைக்கனம் உண்டு. எந்த ட்ரிப்பையும் அவர் பாதியில் விட்டதில்லை. புயல் அடித்த அன்றுகூட ஆளில்லாத பஸ்ஸைக் கடைசி நிறுத்தம்வரை கொண்டுபோய்விட்டுத்தான் திரும்பினார்.

கறுப்பு வெள்ளைக் கல் வைத்து ஆடும் பாதுக் என்றால் அவருக்கு உயிர். பள்ளித் தோழன் பாங் தூச்சிலின் முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தவர், முட்டிவலி வந்தபின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆட ஆரம்பித்தார். எதிராளி அதே தூச்சில்தான், கடையில் இருந்தபடியே.

இன்டர்நெட் பெட்டி கூடத்தில் இருந்தது, கம்ப்யூட்டர் உள் அறையில். குறுக்கே ஒயர் இழுத்தார். கிம்ச்சி ஊறுகாய் டப்பாவோடு வந்த மனைவி மல்சுன் அதில் தடுக்கி விழப் பார்த்தாள்.

"இந்த வீட்ல ஒண்ணு இந்த ஒயர் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

மான்சொப் கொஞ்சம் யோசித்தார். யோசித்த குற்றத்துக்கு அன்று மீன் குழம்பில் மீன் வரவில்லை. மறுநாளே போய், கட்டைவிரல் நகம் அளவில் ஒரு வைஃபை அடாப்டர் வாங்கிவந்து கம்ப்யூட்டரின் பின்னால் செருகினார். அதில் பச்சை விளக்கு மினுக்கியது.

ஆட்டம் நன்றாகத்தான் போகும். திடீரென்று விளக்கு அணையும், இணைப்பு அறுந்துவிடும். "எதிராளி வெளியேறிவிட்டார்" என்று தூச்சிலுக்குச் செய்தி போகும். ஒருமுறை இருமுறை என்றால் பரவாயில்லை, இதுவே வழக்கமாகிவிட்டது. முடிவெட்டப் போன இடத்தில், பாதி வெட்டிக்கொண்டிருக்கும்போதே, காத்திருந்தவர்கள் காதில் விழத் தூச்சில் கத்தினான்.

"பாருங்கப்பா பாருங்க, ஓடுகாலி வந்திருக்கார்!"

"டேய், நான் ஓடலைடா. அடாப்டர் நின்னுபோச்சு."

"நான் ஜெயிக்கிறப்ப மட்டும் கரெக்டா நிக்குதோ? ரொம்ப விசுவாசமான அடாப்டர்டா உனக்கு!"

கடையே சிரித்தது. பாதித் தலையோடு எழுந்து போக முடியாமல் மான்சொப் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு இந்தப் பேரா?

அன்றிலிருந்து வெறி பிடித்தது. அடாப்டரைப் பிடுங்கி வேறு ஓட்டையில் செருகினார். அதை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினார். நீட்டிப்பு ஒயர் வாங்கி, அடாப்டரைத் துணி உலர்த்தும் கொடியில், மல்சுனின் காலுறைகளுக்கு நடுவே கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். தாம் ஆடும்போது மைக்ரோவேவைத் தொடக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டார். எல்லாம் செய்தும், ஆட்டம் சூடுபிடித்ததும் விளக்கு அணைந்தது.

"என் சீரியல் ஒருநாளும் நிக்கலையே," என்றாள் மல்சுன். அவளும் அதே கம்ப்யூட்டரில்தான் பார்ப்பாள்.

"அதுக்கும் என்னைக் கண்டா ஆகலை போல."

அடுத்த ஆட்டத்துக்குப் பூண்டுக் கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். உரித்தபடியே பார்த்தாள். விளக்கு அணைந்ததும் சொன்னாள்: "ஏங்க, நீங்க படபடன்னு கல்லை வைக்கிறப்ப அது பாட்டுக்கு எரியுது. கன்னத்துல கையை வச்சுக்கிட்டு சிலை மாதிரி ஒறைஞ்சு போறீங்களே, அப்பத்தான் அணையுது."

அடாப்டர் கம்பெனிக்குப் போன் போட்டு அதை அப்படியே சொன்னார். எதிர்முனைப் பெண் உடனே பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, கொஞ்ச நேரம் வேலை இல்லேன்னா, கரன்ட் மிச்சம் பண்ண கம்ப்யூட்டரே அதைத் தூங்க வச்சிடும். செட்டிங்ல அதுக்கு ஒரு டிக் இருக்கும், எடுத்துடுங்க."

"ரூம் ரூமா லைட்டை அணைச்சுக்கிட்டுத் திரியிறீங்கல்ல," என்றாள் மல்சுன், "உங்களைப் பார்த்துக் கத்துக்கிட்டிருக்கு."

டிக்கை எடுத்தார். அன்று மாலை ஒரே கல்லுக்காகத் தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை யோசித்தார். விளக்கு அசையவில்லை. ஆட்டம் கடைசிவரை போயிற்று, கடைசிவரை தோற்றார். தோற்றதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்! முட்டிவலியைப் பார்க்காமல் காலையிலேயே கடைக்கு நடந்தார். தூச்சில் அவர் தாடையில் நுரை பூசிக்கொண்டிருக்க, ஒன்றுவிடாமல் விளக்கினார்.

தூச்சிலின் கை நின்றது.

"இரு இரு. நீ ரொம்ப நேரம் யோசிச்சாதான் அது அணையும்?"

"ஆமா."

"நீ எப்படா ரொம்ப நேரம் யோசிப்பே? வசமா மாட்டிக்கிட்டாத்தானே? அப்ப நின்னுபோன ஆட்டம் எல்லாத்துலயும் நீ தோத்துக்கிட்டுதான் இருந்திருக்கே!"

பதில் சொல்ல வாயைத் திறந்தார். சவரக்கத்தி உதட்டோரம் வந்திருந்தது. மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மல்சுன் கேட்டாள். "சொன்னீங்களா? நம்புனாரா?"

"நம்பிட்டான்," என்று சட்டையைக் கழற்றினார் மான்சொப். "முழுசா நம்பிட்டான், அதான் பிரச்சினை."

அவள் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் அவர் உள் அறைக்குப் போய், தூச்சிலை அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்.