தஸ்தகீர் போர்த்திய சால்வை

லாகூர் பழைய நகரத்தில் தில்லி வாசலைத் தாண்டி, மசாலா மூட்டைகளின் நெடியில் இரண்டு தும்மல் போட்டு முடிப்பதற்குள் இடப்பக்கம் ஒரு சந்து வரும். கிழிந்த துணிக்கு ரஃபு போடும் குலாம் தஸ்தகீரின் கடை அங்கேதான் இருந்தது. கடை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் நிறைந்துபோகும் மரப்பலகை, தலைக்கு மேல் ஒரு பல்பு, முதுகுக்குப் பின்னால் துணிகள் தொங்கும் கொடி. எதிரே கரண்டியால் செம்புப் பானையைத் தட்டிக் காஷ்மீரித் தேநீர் விற்பவன். பானையிலிருந்து ரோஜா நிறத்தில் ஆவி பறக்க, அவன் கொடுக்கும் முதல் கோப்பையைக் குடித்துவிட்டுத்தான் தஸ்தகீர் ஊசியைக் கையில் எடுப்பார்.

அவர் வேலையைப் பற்றிக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. பூச்சி தின்ற கம்பளியோ, கரித்துண்டு விழுந்து பொத்தலான பட்டோ, எதுவாக இருந்தாலும் அந்தத் துணியின் ஓரத்திலிருந்தே இழைகளை உருவுவார். கண் இமை முடியைப் போன்ற ஊசியில் கோத்து, ஊடும் பாவுமாக ஓட்டையை மறுபடி நெய்துவிடுவார். கொடுத்தவரே வெயிலில் பிடித்துத் தேடினாலும் கிழிசல் இருந்த இடம் தெரியாது. சந்தில் எல்லோரும் அவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிட்டார்கள்.

சந்தைத் தாண்டினால் அந்த மரியாதை செல்லாது. அவர் மனைவி கனீஸின் அண்ணன் இக்ராமுல்லா, மொத்தத் துணி வியாபாரி. சமனாபாதில் மூன்று மாடி வீடு. கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் கையில் பணம் இருப்பவருக்கு வாயில் பூட்டு இருப்பதில்லையே. தன் மகன் ஆதிலின் நிச்சயதார்த்தத்தன்று, விருந்தாளி ஒருவரின் ஷெர்வானி ஆணியில் மாட்டிக் கிழிந்துவிட்டது. இக்ராமுல்லா கூட்டத்தின் நடுவிலிருந்தே தஸ்தகீரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மாப்பிள்ளை! ஊசி கையோட இருக்குமே உங்ககிட்ட? டாக்டர் பை இல்லாம வெளிய போவாரா என்ன? வாங்க, வாங்க, ஒரு தையல் போட்டுக் கொடுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். தஸ்தகீரும் சிரித்துவைத்தார். ஊசி கையோடுதான் இருந்தது. மற்றவர்கள் கோர்மாக் குழம்பில் நான் ரொட்டியை முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவர் விளக்குக்குக் கீழே ஒரு மூலையில் உட்கார்ந்து அந்த ஷெர்வானியைச் சரி செய்தார். முடித்துவிட்டு எழுந்தபோது ரொட்டி ஆறிப்போயிருந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து கனீஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் ரொட்டி சுடும்போது சொன்னாள்.

"இங்க பாருங்க, கல்யாணத்து வலிமா விருந்துக்கும் அந்தப் பழைய ஸ்வெட்டரைத்தான் போட்டுட்டு வரப்போறீங்கன்னா நீங்க வரவே வேண்டாம். எனக்குக் காய்ச்சல்னு நானும் வீட்டுலயே இருந்துடறேன்."

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். ஒல்லியான உடம்பு, வெள்ளைத் தாடி. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவராம். பெயர் ஃபஸல் கரீம். பழைய தலையணை உறைக்குள்ளிருந்து அவர் ஒரு சால்வையை எடுத்துப் பிரித்தார். தஸ்தகீர் அதை வாங்கிப் பல்பு வெளிச்சத்தில் பிடித்தார். குங்குமப்பூ நிறம். நான்கு ஓரமும் மாங்காய் வேலைப்பாடு. உள்ளங்கையில் அள்ளினால் பூனைக்குட்டியைப் போலச் சுருண்டு அடங்கியது. ஒரு மூலையில் மட்டும் பூச்சி அரித்து, ஒரு ரூபாய் காசளவு பொத்தல்.

"எங்க அப்பாவோடது, உஸ்தாத். வீட்டு விசேஷம் ஒண்ணு வருது. அன்னிக்கு ஒரு நாளாவது போட்டுக்கணும்னு ஆசை. சரி பண்ண முடியுமா?"

"முடியும் ஜனாப். வெள்ளிக்கிழமை வாங்க."

புதன்கிழமையே வேலை முடிந்துவிட்டது. வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாக ஒரு வேலை செய்ததில்லை என்று அவருக்கே தோன்றியது. சரியாக விழுந்திருக்கிறதா பார்க்கலாம் என்று தோளில் போட்டுப் பார்த்தார். எதிர்க்கடைத் தேநீர்க்காரன் கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டான்.

"அடேயப்பா, உஸ்தாத்! நவாப் வீட்டுச் சம்பந்தி மாதிரி இருக்கீங்களே!"

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அன்று மாலை அவர் சால்வையைக் கொடியில் போடவில்லை. மடித்து, தான் உட்காரும் மெத்தைக்கு அடியில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஃபஸல் கரீம் வந்தார். தஸ்தகீர் அந்தச் சால்வையின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, "இன்னும் ஆகலை ஜனாப்" என்றார். "நூல் கலர் கிடைக்கலை. திங்கக்கிழமை கண்டிப்பா."

"ஞாயித்துக்கிழமைதானே விசேஷம்..." என்று பெரியவர் இழுத்தார். பிறகு தானே, "சரி, அவசரப்படுத்தினா வேலை கெட்டுடும். நீங்க நிதானமாப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தொழுகைக்குக் கை கால் கழுவிய ஈரம்கூடக் காயாமல் பொய் சொல்கிறோமே என்று தஸ்தகீருக்கு உறுத்தியது. உறுத்தினாலும் அவர் எழுந்திருக்கவில்லை. ஒரு நாள்தானே, போர்த்திவிட்டுத் திங்கட்கிழமை கொடுத்தால் துணி என்ன தேய்ந்தா போய்விடும் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கனீஸிடம், யாரோ வருஷக்கணக்கில் வாங்க வராமல் விட்டுப்போன சால்வை என்றார். அவள் அதைத் தடவிப் பார்த்தாள். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல் ஆகியும் பனிமூட்டம் விலகவில்லை. தெருவை அடைத்துப் போட்ட வலிமா விருந்துப் பந்தலில் ஆட்கள் வாயைத் திறந்தாலே புகை வந்தது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் என்பார்களே, தஸ்தகீர் தன் பழைய ஸ்வெட்டரைக்கூட வீட்டில் விட்டுவிட்டு, மெல்லிய குர்தாவின் மேல் சால்வையை மட்டும் போர்த்தி வந்திருந்தார். அவர் நுழைந்ததும் இக்ராமுல்லா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார்.

"வாங்க மாப்பிள்ளை! இப்பத்தான் கனீஸ் உள்ள சொல்லிட்டிருந்தா. அமிர்தசரஸ்லேர்ந்து உங்க தாத்தா கொண்டு வந்த சொத்தாமே? இத்தனை நாள் இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

தாத்தா கதை கனீஸின் கைச்சரக்கு. அவர் தலையாட்டிவைத்தார். இக்ராமுல்லா அவரை முன்வரிசைக்கு இழுத்துப் போய், கடைக்காரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் நடுவில் சோஃபாவில் உட்காரவைத்தார். கேட்காமலே தேநீர் வந்தது. உலர்பழத்தட்டு வந்தது. யாரோ ஒருவர் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். இவ்வளவுதானா, ஒரு முழத் துணிக்கு இவ்வளவு மரியாதையா என்று அவர் வியந்துகொண்டிருந்தபோதே இக்ராமுல்லா ஒருவரைத் தோளோடு அணைத்துக் கூட்டிவந்தார்.

"மாப்பிள்ளை, இவர் யார் தெரியுமா? நம்ம மருமகளோட தாய்மாமன். ஃபஸல் கரீம் சாஹிப்."

முழங்கை பளபளத்த பழைய ரயில்வே கோட்டில் பெரியவர் நின்றார். குளிரில் மூக்கு நுனி சிவந்திருந்தது. அவர் கண் முதலில் தஸ்தகீரின் முகத்தைப் பார்த்தது. பிறகு தோளைப் பார்த்தது. பிறகு மெதுவாக, பொத்தல் இருந்த மூலைக்குப் போய் அங்கேயே நின்றது.

தஸ்தகீர் எழுந்து நின்றார்.

ஃபஸல் கரீம் அந்த மூலையை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தார். "நல்ல சால்வை" என்றார். "எங்க அப்பாகிட்டயும் இந்த மாதிரி ஒண்ணு இருந்தது."

"அதைப் போட்டுட்டு வந்திருக்கலாமே!" என்றார் இக்ராமுல்லா.

"ரஃபுவுக்குக் கொடுத்திருக்கேன். திங்கக்கிழமை வரும்."

"அட! நம்ம மாப்பிள்ளைகிட்டக் கொடுத்திருந்தீங்கன்னா ரெண்டே நாள்ல முடிச்சிருப்பாரே. லாகூர்லயே இவர் கை மாதிரி கிடையாது!"

"அப்படியா" என்றார் பெரியவர். "தெரியாமப் போச்சு."

அந்தக் குரலில் குத்தலே இல்லை. கொஞ்சம் இருந்திருந்தால்கூட தஸ்தகீருக்குத் தேவலையாக இருந்திருக்கும். உட்கார்ந்தார். தட்டில் கோர்மா வந்தது. எல்லோருக்கும் மணத்த குழம்பில் அவர் ரொட்டியை முக்கி, தட்டின் ஓரத்திலேயே வைத்தார்.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. புகைப்படக்காரன் மேடையிலிருந்து, "பொண்ணோட மாமா வாங்க!" என்று கூப்பிட்டான். ஃபஸல் கரீம் கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு எழுந்தார். இக்ராமுல்லாவுக்கு அந்தக் கோட்டைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தன் சம்பந்தி வீட்டுப் படம் அல்லவா!

"மாப்பிள்ளை, ஒரு நிமிஷம் உங்க சால்வையை மாமாவுக்குக் கொடுங்களேன். படத்துல கம்பீரமா இருக்கும்."

தஸ்தகீர் சால்வையை எடுத்து நீட்டினார். சுற்றியிருந்தவர்கள், "பெரிய மனசு, பெரிய மனசு" என்றார்கள். தஸ்தகீர் நீட்டிய கையையும் அவருடைய மெல்லிய குர்தாவையும் பெரியவர் பார்த்தார்.

"வேண்டாம். அவருக்குக் குளிரும்" என்று சொல்லிவிட்டுக் கோட்டோடு மேடை ஏறினார். தன் தங்கை மகள் பக்கத்தில் அதே கோட்டோடு நின்று சிரித்தார். அந்தப் படம் இன்றைக்கும் சமனாபாத் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

இனிப்புச் சோறு பரிமாறும்போது பெரியவர் கிளம்பிவிட்டார். தஸ்தகீர் கை கழுவும் சாக்கில் எழுந்து பந்தலுக்கு வெளியே ஓடினார். பனிமூட்டத்தில் கோட்டின் முதுகு மட்டும் தெரிந்தது.

"ஜனாப்! ஜனாப், நில்லுங்க!" சால்வையை உருவி அவர் கையில் திணித்தார். "வாங்கிக்கோங்க. அல்லாவுக்காக வாங்கிக்கோங்க. என்னைச் செருப்பால அடிச்சாலும் தகும்."

"சும்மா இருங்க, தெருவுல நின்னுட்டு" என்றார் ஃபஸல் கரீம். சால்வையை வாங்கி, விரித்து, தஸ்தகீரின் தோளிலேயே திரும்பப் போர்த்திவிட்டார். "இது இல்லாம உள்ள போனா எல்லாரும் கேப்பாங்க. உங்க வீட்டுக்காரம்மா உள்ள இருக்காங்க இல்லையா? போங்க. நான் கடைக்கு வந்து வாங்கிக்கறேன்."

ஆனால் திங்கட்கிழமை அவர் வரவில்லை. அந்த வாரமே வரவில்லை. தஸ்தகீர் சால்வையைத் துவைத்து, நிழலில் உலர்த்தி, கொடியில் எல்லோருக்கும் தெரியும்படி தொங்கவிட்டுக் காத்திருந்தார். சந்தில் வெள்ளைத் தாடி தெரிந்தால் போதும், ஊசியைக் குத்திவைத்துவிட்டு எழுந்து பார்ப்பார். கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றால் வீடு தெரியாது. வீடு தெரிந்தவர் இக்ராமுல்லா ஒருவர்தான். எதற்கு என்று அவர் கேட்பார். கேட்டால் பொய் சொல்லலாம். இன்னொரு பொய்யா என்று நினைத்ததும் தஸ்தகீர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

இக்ராமுல்லாவின் துணிக்கடையில், கணக்குப்பிள்ளைகள் முன்னிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னார். சால்வை யாருடையது, எதன் மேல் உட்கார்ந்துகொண்டு பொய் சொன்னார், எல்லாம். இக்ராமுல்லா முதலில் வாயைப் பிளந்தார். பிறகு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது.

"அவருக்கே கொடுக்கச் சொன்னேனேய்யா நான்! அவரோட சால்வையை அவருக்கே இரவலா! என் சம்பந்தி முன்னாடி என் மானத்தையும் சேர்த்து இல்ல வாங்கிட்டீங்க!"

ஆனாலும் முகவரியைச் சொன்னார்.

கடீ ஷாஹுவில், ரயில் தண்டவாளத்தை ஒட்டிய குடியிருப்பு. கதவைத் திறந்த மகள், சால்வையைப் பார்த்ததும் யார் என்று புரிந்துகொண்டாள். "அப்பா, உங்க உஸ்தாத் வந்திருக்காரு" என்று உள்ளே சொன்ன தொனியே தஸ்தகீரைத் தோலுரித்தது. பெரியவர் சால்வையை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து மூலை மூலையாகத் தேடினார்.

"எந்த மூலைன்னே தெரியலையே" என்றார், உண்மையான சந்தோஷத்தோடு. பிறகு கூலியை எடுத்தார்.

"ஐயோ, வேண்டாம் ஜனாப்! எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வாங்குவேன்?"

"வாங்கிக்கோங்க. வாங்கலைன்னா நான் உங்களுக்குச் சால்வையை வாடகைக்கு விட்ட மாதிரி ஆயிடும்."

வாங்கிக்கொண்டார். வேறு வழி இருக்கவில்லை. படி இறங்கும்போது, ஏன் கடைக்கு வரவில்லை என்று கேட்டேவிட்டார். ஃபஸல் கரீம் தாடியைத் தடவினார்.

"ரெண்டு தடவை சந்து முனை வரைக்கும் வந்தேன். நீங்க தலையைக் குனிஞ்சு வேலை பார்த்துட்டு இருந்தீங்க. என்னைப் பார்த்தா எப்படி ஆயிடுவீங்களோன்னு எனக்கே கூச்சமா போச்சு. திரும்பிட்டேன்."

கனீஸுக்கு அண்ணன் மனைவி மூலமாக விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. அமிர்தசரஸ் தாத்தாவைப் பற்றி அந்த வீட்டுப் பெண்கள் என்னென்ன கேட்டார்களோ, அவள் சொல்லவில்லை. "ஸ்வெட்டரோட வந்திருந்தா ஒருநாள் அவமானம்" என்றாள். "நானும் சேர்ந்து பொய் சொன்னேன் பாருங்க, அதைத்தான் தாங்க முடியல." இரண்டு பெருநாளுக்கு அவள் அண்ணன் வீட்டுப் படி ஏறவில்லை. மூன்றாவது பெருநாளுக்கு இக்ராமுல்லாவே வந்து கூட்டிப்போனார். அங்கே சின்னப் பையன்கள் முதற்கொண்டு தஸ்தகீருக்குச் "சால்வை ஃபூஃபா" என்று, சால்வை மாமா என்ற பொருளில், பெயர் வைத்திருந்தார்கள். கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்த்து, என்ன வேண்டும் என்று கேட்பார்.

வேலை குறையவில்லை. கை அதே கைதான். ஆனால் யாராவது நல்ல துணியாகக் கொண்டுவந்து, "எப்போ வரட்டும் உஸ்தாத்?" என்று கேட்டால், "இங்கயே உக்காருங்க, இப்பவே முடிச்சுத் தர்றேன்" என்பார். மூன்று மணி நேரம் ஆனாலும் உட்காரவைத்துத் தேநீர் வாங்கிக் கொடுப்பார். அவசரமில்லை, நாளைக்கு வருகிறேன் என்று எழுந்தால் கெஞ்சாத குறையாகத் தடுப்பார்.

ஃபஸல் கரீம் அந்தக் கடைக்கு மறுபடி வரவே இல்லை. குளிர்காலத்தில் மீனும் ஹரீஸா என்னும் இறைச்சிக் கஞ்சியும் வாங்க அவர் பழைய நகரத்துப் பக்கம் வருவதுண்டு. தூரத்தில் பார்த்தால் தஸ்தகீர் பக்கத்துச் சந்துக்குள் நுழைந்துவிடுவார். ஒருநாள் தாமிரக் கடைகளின் தெருவில் தலை நிமிர்ந்தபோது, பெரியவர் பத்தடி தூரத்தில், கையில் பொட்டலத்தோடு நின்றார். அவர்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். தஸ்தகீர் ஸலாம் சொல்ல வாயெடுப்பதற்குள், அந்த மனிதர் ஏதோ பானையை விலை பார்ப்பவரைப் போலச் சட்டென்று கடைப்பக்கம் திரும்பிக்கொண்டார். தப்புச் செய்தவன் ஒளிந்தால் அதில் நியாயம் இருக்கிறது. பெரியவர் ஒளிந்தது தன்னைக் கூசவைக்கக் கூடாது என்பதற்காக என்று தெரிந்ததும் தஸ்தகீருக்குக் காது மடல் வரை சுட்டது. வாங்க வந்ததை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினார்.