முகம் தெரியும்வரை அடித்த மணி

ஈரக் கம்பளி நெருப்பருகே காயும்போது ஆட்டு வாடையும் புகையும் கலந்த ஒரு மணம் எழும். பிராங்பேர்ட்டில் நனைந்த சுவெட்டரை ஹீட்டரில் போடும்போதெல்லாம் அந்த மணம் என்னை எட்டு வயதுக்குத் தூக்கிக்கொண்டுபோய், ஸ்பெயின் மலைக்கிராமம் ஒன்றில் இறக்கிவிடுகிறது.

அப்பாவோடு உணவகச் சமையலறையில் வேலை செய்த மனுவேல் மாமாவின் ஊர் அது. அகதிகளாக ஜெர்மனிக்கு வந்த எங்களுக்கு எல்லை தாண்டக்கூடிய பத்திரம் கிடைத்த முதல் கோடையில் தன் காரிலேயே கூட்டிப்போனார். படிப்பைப் பாதியில் விட்டு பேக்கரி வேலைக்குப் போனவள் நான். எனக்குத் தெரிந்த சரித்திரம் அந்தக் காரில் அவர் சொன்னதுதான். முந்திய காலத்தில் பனி விழமுன் ஆண்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தெற்குச் சமவெளிக்கு நடந்துபோய், வசந்தத்தில்தான் திரும்புவார்களாம். பிறகு அதே ஆண்கள் ஜெர்மனித் தொழிற்சாலைகளுக்குப் போனார்களாம், திரும்பத்தான் இல்லை என்று சொல்லிச் சிரித்தார்.

வடகாற்றுக்கு முதுகைக் காட்டி, குளிரில் ஒடுங்கிய ஆடுகளைப்போல ஒன்றையொன்று ஒட்டி நின்ற கல்வீடுகள், கூரையும் கல். புகைபோக்கி வழியே சூனியக்காரி இறங்கிவிடாமல் அதன் உச்சியிலும் ஒரு கல் வைத்திருந்தார்கள். அம்மா அதற்கு உடனே, எங்கள் தோட்டத்தில் காகம் விரட்ட நிற்கும் "வெருளி" என்று பேர் வைத்தாள். வாசல் சாவி வெளிப்பக்கமாகவே தொங்கியதுதான் எனக்கு ஒரே கவலை. எழும்பி எழும்பிப் போய்ப் பார்ப்பேன்.

ஒரு மத்தியானம் அப்பா மேய்ச்சல் நிலம் பார்க்கத் தனியே மலையேறினார். மனுவேல் மாமா பேக்கரியில் பாண் வாங்கக் கீழே பட்டணத்துக்குப் போயிருந்தார். திடீரென்று "பனிப்புகார்" இறங்கி, எதிர்வீடுகூட மறைந்துபோனது. ஊரிலேயே தங்கிவிட்ட மாமாவின் அக்கா பிலார் வானத்தைப் பார்த்தாள், அடுப்பிலிருந்த சட்டியை இறக்கினாள், தேவாலயப் பக்கம் நடந்தாள். கொஞ்ச நேரத்தில் மணி அடிக்கத் தொடங்கியது, நிற்கவேயில்லை.

அந்த மலையில் அது ஒரு வழக்கம் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. புகாரிலோ பனியிலோ யாராவது வெளியே நின்றால், இடையனோ பரதேசியோ, அந்த ஆளின் முகம் தெரியும்வரை மணியை நிறுத்தக்கூடாது. ஆனால் அம்மாவுக்குத் தெரிந்தது வேறு மணி. சண்டைக்குள் விட்டுவந்த எங்கள் ஊரில் நேரங்கெட்ட நேரத்தில் கோயில் மணி அடித்தால் குண்டு போட "பிளேன்" வருகிறது, பங்கருக்கு ஓடு என்று அர்த்தம். "பயந்தவள்தான் பிழைச்சவள்" என்பாள் அடிக்கடி. என்னை இழுத்துக்கொண்டு கீழ்த்தளத்துத் தொழுவத்துக்கு ஓடி, கத்தரித்துக் குவித்திருந்த ஆட்டுமயிருக்குள் புதைத்து, மேலே தானும் படுத்தாள். அப்பா வெளியிலே, அப்பா வெளியிலே என்று அவள் முணுமுணுத்தது என் காதுக்குள் சுட்டது.

ஒருபடியாக மணி நின்றது. நாங்கள் அசையவில்லை. மணியின் திசை பிடித்து இறங்கி வந்த அப்பா, வெறும் வீட்டைக் கண்டு திகைத்திருக்கிறார். பிலார் திரும்ப ஓடிப்போய், இந்தமுறை எங்களுக்காக அடித்தாள். அதைக் கேட்டு அம்மா இன்னும் ஆழமாகப் புதைந்தாள். அப்பாவுக்குத்தான் விளங்கியது. தொழுவ வாசலில் நின்று மெல்லச் சொன்னார்:

"பிளேன் வரேல்லையப்பா. நான்தான் வாறன்."

அன்று பின்னேரம் அவருடைய நனைந்த சுவெட்டரை அம்மா நெருப்பருகே பிடித்துக் காயவைத்தாள். அது காய்ந்த பிறகும் கையைவிட்டு வைக்கவில்லை.

இன்று அம்மா இல்லை. பிலாரும் இல்லை, அந்தத் தொழுவமும் இடிந்துபோயிற்று. மாரிக் குளிரிலும் அங்கே ஒரு அடுப்பும் எரிவதில்லையாம். மணியை மின்சாரத்தில் பூட்டிவிட்டார்களாம், மணிக்கு மணி தவறாமல் அடிக்கிறதாம். மனுவேல் மாமா போனில் பெருமையாகத்தான் சொன்னார். வெளியே யார் நிற்கிறார்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்?

போன மாரியில் ஒருநாள் பின்னேரம், நடக்கப் போன அப்பா வரப் பிந்திவிட்டார். போனும் எடுக்கவில்லை. வெளியே ஆற்றுப் பக்கமிருந்து புகார் ஏறி, கீழே தெரு தெரியவில்லை. சாமித்தட்டு மணியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய் ஆட்டத் தொடங்கினேன். பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கீழேயிருந்து, புகாருக்குள்ளிருந்து, குரல் வந்தது.

"என்ன பிள்ளை, பிளேன் வருதோ?"

குரல் கேட்டுவிட்டதுதான். ஆனாலும் முகம் தெரியும்வரை நான் நிறுத்தவில்லை.